உரித்தெடுப்பதில் உதவும் தோழி

இந்த ஊர் வண்டிகளுக்குப் பெயர் கிடையாது. ஜெர்மனியில் நான் வந்து இறங்கிய முதல் வாரம், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு போகிற வருகிற வண்டிகளின் பின்கண்ணாடிகளையே பார்த்தேன். படிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆட்டோ முன்னால் போனால் அதன் சொந்தக்காரரின் குலதெய்வம் எது, பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்கு என்ன பெயர் என்று எல்லாம் தெரிந்துவிடும். இங்கே பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தாலும் தெரியாது போலிருக்கிறது. நான் இதை உற்றுக் கவனித்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா பாளையங்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவர். பள்ளி விட்டதும் கடைக்குப் போய், அப்பா பிளேடால் வெட்டிக் கொடுக்கும் எழுத்துகளைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுப்பேன். உரிப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. வெட்டுவதுதான் உண்மையான வேலை. பத்தாம் வகுப்பில்தான் அப்பா பிளேடை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு சீவலப்பேரியில் எங்கள் வீட்டுக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் தினமும் இரண்டு வண்டிக்காவது நான் பெயர் வெட்டுவேன்.

என்னோடு நர்சிங் படித்தவள் கோமதி. திருநெல்வேலி டவுனில் வீடு. அவள் அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் வகுப்புக்கும் ஒன்றாகத்தான் போனோம். அவளுக்கு அந்த மொழி சீக்கிரம் பிடிபட்டது. நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். ஒரே முதியோர் இல்லத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தபோது, என் அம்மா விமான நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்குப் பேச்சு வராது, நீ பாத்துக்கிடும்மா" என்றாள். கோமதி பார்த்துக்கொண்டாள். வங்கியில், மருத்துவரிடம், வீட்டுச் சொந்தக்காரரிடம், எல்லா இடத்திலும் எனக்காக அவள்தான் பேசினாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

எங்கள் இல்லத்தின் மூன்றாம் தளத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மறதி நோய். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள். பிராண்ட் அம்மாள் என்ற கிழவி தினமும் யாருடைய அறைக்காவது போய், அங்கே படுத்திருப்பவரைத் திருடன் என்று நினைத்து அழுவாள். இளமையில் அவள் தபால்காரி. மஞ்சள் சைக்கிளில் மலைக் கிராமங்களுக்கெல்லாம் போனவள். அது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. அந்த மாதம் ஒரு பள்ளி ஆசிரியை தன்னிடமிருந்த பழைய கட்டிங் மெஷினை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். வாங்கிவந்து என் அறை மேசையில் வைத்தேன். மடிக்கணினியில் வரைந்தால், ஒட்டும் பாயில் விரித்த தாளை அந்தச் சின்ன பிளேடு நூல் பிசகாமல் வெட்டியது. மேல்தாள் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் அப்படியே நிற்க வேண்டும். ஆழம் சரியாக வர மூன்று நாள் ஆனது. முதலில் ஒரு மஞ்சள் சைக்கிள் வெட்டி, பிராண்ட் அம்மாளின் கதவில் ஒட்டினேன். மறுநாள் காலை பிராண்ட் அம்மாள் தன் கதவின் முன் நின்றாள், சைக்கிளின் சக்கரத்தைத் தடவினாள், உள்ளே போனாள். அவ்வளவுதான். அந்த நாளுக்குப் பிறகு அவள் அடுத்தவர் அறைக்குள் நுழைந்து நான் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொருவரிடமும் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். விவசாயியாக இருந்த ஒரு தாத்தா "ஷிம்மல்" என்றார். கைபேசியில் தேடினால் பூஞ்சை என்று வந்தது. கதவில் யாராவது பூஞ்சையை ஒட்டச் சொல்வார்களா? நான் மறுபடி கேட்க, அவர் மறுபடி ஷிம்மல் என்று சத்தம் போட, கோமதி ஓடிவந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "வெள்ளக் குதிரைக்கும் அதே வார்த்தைதாம்ளா. அவரு வச்சிருந்த குதிரையச் சொல்லுதாரு." அன்று இரவு குதிரை வெட்டும்போது அவளும் உட்கார்ந்து பார்த்தாள். மெஷின் பக்கத்தில் தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். வெளிச்சம் விழும்படி அவளை நகர்த்தி உட்காரவைத்து நான்தான் எடுத்தேன்.

இருபது கதவுகளும் முடிந்த பிறகு பணியாளர் கூட்டத்தில் மேலாளர் கெல்லர் அம்மாள் ஏதோ கேட்டார். கோமதி எழுந்து நீளமாகப் பதில் சொன்னாள். அதில் 'இஷ்', 'இஷ்' என்று பலமுறை வந்தது. இஷ் என்றால் நான். எனக்காகப் பேசுகிறவள் என் வாயாக இருந்து 'நான்' என்கிறாள் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். "உன்னயத்தாம்ளா பாராட்டுதாவ" என்று கோமதி என் காதில் சொன்னாள். நான் எழுந்து கும்பிட்டேன். அவர்கள் கோமதியைப் பார்த்தபடி கைதட்டினார்கள் என்பது அப்போதே கண்ணில் பட்டது. மனதில் ஏறவில்லை.

அடுத்த மாதம் இல்லத்தின் செய்தித்தாளை லிஃப்ட் பக்கம் ஒட்டியிருந்தார்கள். நான் எடுத்த படம் அதில் பெரிதாக இருந்தது, அதற்குக் கீழே பிராண்ட் அம்மாளின் கதவுச் சைக்கிள். சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். செவிலியர் கோமதி தன் ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே இந்த ஸ்டிக்கர்களை உருவாக்குகிறார். அவருடன் தங்கியிருக்கும், ஜெர்மன் இன்னும் அதிகம் தெரியாத தோழி, தாளை உரித்தெடுப்பதில் உதவுகிறார். உரித்தெடுப்பது என்ற அந்தச் சொல்லைக் கைபேசி தவறாகச் சொல்கிறதோ என்று மூன்று முறை பார்த்தேன். சரியாகத்தான் சொன்னது.

வீட்டுக்கு வந்தபோது கோமதி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட்கிட்ட ஒட்டியிருக்குத தாளுல என்னட்டி எழுதியிருக்கு?"

கத்தி நின்றது. "அவங்க கேட்டாங்க, சொன்னேன். அவங்களா கூட்டிக் கொறச்சி எழுதிட்டாங்க."

"நான் உரிக்குதேன்னு நீ சொன்னியா, அவங்களா எழுதுனாங்களா?"

அவள் திரும்பவில்லை. "உனக்குப் பேசத் தெரியாதுட்டி. நான் வாயத் தொறக்கலன்னா அந்தச் சைக்கிள் உன் மேசையிலேயே கெடந்திருக்கும். ரெண்டு பேருல ஒருத்திக்குக் கெடச்சா போதும்லா."

"எது கெடச்சா?"

அப்போதுதான் சொன்னாள். மூன்றாம் தளத்துக்குப் பொறுப்பாளராக அவளைப் போட்டிருந்தார்கள். இனி எனக்கு வேலை நேரம் போடுவதும் அவள்தான்.

மூன்று வாக்கியங்களை இரண்டு நாள் மனப்பாடம் செய்துகொண்டு கெல்லர் அம்மாளிடம் போனேன். ஸ்டிக்கர் நான் செய்தேன். நான் வரைந்தேன். கோமதி பேசினாள். இறந்தகாலத்தை எங்கோ தவறவிட்டிருக்க வேண்டும். அவர் முகம் மலர்ந்து, மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்: "உங்களுக்கும் செய்ய ஆசையா? மிகவும் நல்லது. கோமதியிடம் கேளுங்கள், சொல்லிக்கொடுப்பார்." நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சொல் மட்டும் எனக்குப் பிசகாமல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கடையிலிருந்து கூப்பிட்டார். "கோமதி அப்பா கடைக்கே வந்திருக்காவ. சார்வாள் அந்தப் பேப்பரச் செல்லுல காட்டுனாவ. நீயும் கூடமாட ஒத்தாசையா இருக்கியாம்லா, சந்தோசம்." பிறகு, "ஏம்மா, அந்தச் சைக்கிள வெட்டுனது யாரு?" என்றார்.

"ஏம்ப்பா?"

"இல்ல, சக்கரத்துல கம்பி வந்து சேருத எடத்துல சின்னதா ஒரு வளைவு விட்டிருக்கு. உரிக்கும்போது கிழிஞ்சிராம இருக்க நாம அப்படி விடுவோம்லா. அதான் கேட்டேன்."

அப்பாவுக்குப் பக்கத்தில் கோமதியின் அப்பா யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அந்த இடத்திலேயே கேட்டிருப்பார். சார்வாளுக்கு எதிரே நின்று அப்பா குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அவரால் முடியாமல் போய், அந்தத் தோல்வியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போவாரே என்று பயந்தேன்.

"மெஷின் வெட்டுனதுப்பா" என்றேன்.

"அப்படியா. மெஷினே அப்படி விடுதா" என்றார் அப்பா. அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு நான் எதையும் வெட்டவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஆனால் பிராண்ட் அம்மாள் தினமும் தடவித் தடவி, சைக்கிளின் முன்சக்கரம் பெயர்ந்து விழுந்துவிட்டது. அவள் கதவின் முன் நின்று, முடிக்காத ஒரு சொல்லைத் தேடுவதுபோல் கையை அசைத்தாள். அன்று மாலையே புதுச் சக்கரம் வெட்டி எடுத்துப்போய் ஒட்டினேன். செவிலியர் மேசையிலிருந்து கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போய் மொழியைப் படித்தேன். கோபத்தில் படித்த பாடம் நன்றாக ஏறியது. வேறோர் ஊரில் மருத்துவமனை வேலை கிடைத்து, மெஷினைப் பெட்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு நாள் கழித்து கோமதியிடமிருந்து செய்தி வந்தது: "அந்தப் படத்து ஃபைலெல்லாம் அனுப்புட்டி. இங்கன புதுசா நாலு பேரு வந்திருக்காங்க." எல்லாவற்றையும் அனுப்பினேன். அந்தக் கதவுகளுக்காக அனுப்பினேன். அனுப்பி முடித்ததும் அவள் எண்ணை அழித்தேன்.

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்தவர். தலைமைச் செவிலியரிடம் விடுப்பு கேட்க வேண்டும், நீ வந்து பேசு தங்கச்சி என்றார். நடுவில் உட்கார்ந்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் ஒரு சொல்லும் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னேன். அவர் தலைமைச் செவிலியரைப் பார்க்கவே இல்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நான் சொன்னதத்தான சொன்ன?"

'யா' என்று முதலில் ஜெர்மனில் வந்துவிட்டது. அவர் முகம் மாறியதைக் கண்டு, அவசரமாக "ஆமாக்கா" என்றேன். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.