ஐந்தாவது ஏன்

மாமாவின் வண்டி எஞ்சின் இறுகிப்போனதற்கு நான்தான் காரணம் என்று ஓசூரில் இன்னமும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “ஆயில் ஊத்த மறந்த பாப்பாதானே நீ?” என்று கேட்டுச் சிரித்தார். என் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் நான் அந்தப் பாப்பாதான். மறக்கவில்லை ஐயா, ஊற்றினேன். எத்தனை தடவைதான் சொல்வது?

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தோம். அம்மாவும் அம்மாவின் தம்பியும் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள். அம்மா லைனில் நின்று பாகங்களைப் பொருத்துவாள். டிப்ளமோ படித்த மாமாவுக்குக் குவாலிட்டியில் வேலை. சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும்.

மாமாவுக்கு மண் ரேஸ் என்றால் பைத்தியம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, சைலன்சரை மேலே தூக்கி, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் மாட்டியிருந்தார். எடை குறையட்டும் என்று ஆயில் பம்பையும் கழற்றிப் போட்டுவிட்டார். அதனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கையால் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் அந்த எஞ்சின் செத்தது. அந்த வேலையை மாமா என்னிடம் கொடுத்திருந்தார். இருமல் மருந்து மூடியில் ஆயிலை அளந்து, கேனில் ஊற்றி, கை வலிக்கக் குலுக்குவேன். “பாப்பா கலந்தா கரெக்டா இருக்கும்” என்று அவரே ஊரெல்லாம் சொல்வார். தெருவில் எந்தப் பையனுக்கும் கிடைக்காத வேலை அது. அதைச் சொல்லிச் சொல்லியே நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விற்காமல் கிடந்த வீட்டுமனை சைட்டுகளில் மாமா வண்டியை விரட்டிக்கொண்டிருந்தார். சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று கீச்சிட்டது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மாமா முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு விழுந்தார். எழுந்து கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி அசையவில்லை. நண்பர்கள் வண்டியைத் தூக்காத குறையாக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மாமாவின் கம்பெனியில் ஏதாவது பழுதானால் கூடி உட்கார்ந்து ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்பார்களாம். ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில்தான் உண்மைக் காரணமாம். அந்தக் கூத்தை மாமா எங்கள் வாசலில் நடத்தினார். ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை, ஸ்பேனரைக் கையில் எடுக்கவுமில்லை. நண்பர்கள், அம்மா, வீட்டுக்கார அம்மா எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு விரலை மடக்கினார்.

“வண்டி ஏன் நின்னுச்சு? பிஸ்டன் புடிச்சிக்கிச்சு. ஏன் புடிச்சிக்கிச்சு? சூடாயிடுச்சு. ஏன் சூடாச்சு? வழவழப்பு இல்ல. ஏன் இல்ல? ஆயில் இல்ல.” கட்டை விரலை மடக்குவதற்கு முன் என்னைப் பார்த்தார். “ஏன் ஆயில் இல்ல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊற்றினேன் என்று சொன்னேன். பயத்தில் சொல்கிறது என்றார் ஒரு நண்பர். குழந்தைதானே, மறந்திருக்கும், திட்டாதீர்கள் என்று வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் எனக்காக மன்றாடினாள். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கித் தர அவளை யார் கேட்டது?

தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எஞ்சினைப் பிரித்தார்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் விட்டு ஊற வைத்தார்கள். கியரைப் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். ஹெட்டை எடுத்து, சிலிண்டரை மரக்கட்டையால் தட்டித் தட்டி மேலே உருவினார்கள். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. ஆனால் கீழே, கிராங்க் இருக்கும் அறையில், எண்ணெய் பளபளவென்று நின்றது. நான் விரலை விட்டுத் தொட்டு மாமாவின் முகத்துக்கு நேரே காட்டினேன்.

“ஆயில் ஊத்தலைன்னா இது எங்கிருந்து மாமா வந்துச்சு?”

நண்பர்களில் மத்தூர்க்காரர் ஒருவர் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். அதன் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. காற்று அதிகமாகப் போய்ப் பெட்ரோல் குறைந்தால்தான் இப்படி வெளுக்கும் என்றார். பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்திருக்கிற ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பெருத்துப் போய் இறுகும் என்றார். அப்புறம் கார்புரேட்டரின் பின்னால் குனிந்து பார்த்து, “ஏர் ஃபில்டர் ஏன்டா இல்ல?” என்று கேட்டார்.

காற்று தாராளமாகப் போனால் வண்டி பறக்கும் என்று முந்தின நாள் மாமாதான் அதைக் கழற்றி வைத்திருந்தார். நான் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ ஏன் கேட்டவர் இந்த ஒரு ஏனுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். பெரியவர்கள் பேசும்போது என்ன குறுக்கே என்று என்னை உள்ளே விரட்டினார்.

சிலிண்டரைப் பாகலூர் ரோட்டு லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தார்கள். ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனும் புது ரிங்கும் போட்டார்கள். ஏர் ஃபில்டரையும் மாமா சத்தமில்லாமல் திரும்ப மாட்டினார். அதற்கு என்ன அர்த்தம்? கிக்கரை உதைத்ததும் வாசலெல்லாம் புகையடித்து வண்டி கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமா இருமல் மருந்து மூடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இனிமே நானே கலந்துக்கறேன் பாப்பா” என்றார். ஏதோ பெருந்தன்மை மாதிரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நேரே அம்மாவிடம் ஓடினேன். அவளும் அந்த எண்ணெயைப் பார்த்தவள்தான், பிளக்கையும் பார்த்தவள்தான். நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அழுதேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“நீ ஒத்துக்கிட்டியா?”

“இல்ல.”

“ஒத்துக்காத. கடைசி வரைக்கும் ஒத்துக்காத.”

அவ்வளவுதான். தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரி மாமாவுக்கு முதலில் தட்டு வைத்து, குழம்பும் ஊற்றினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மாமா கம்பெனியில் பர்மனென்ட் ஆகி, வீடு கட்டி, வண்டியையும் விற்ற பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். எங்கள் வாசலில் நடந்ததற்கு முந்தின வாரம், லைனில் செய்த பாகங்கள் பழுதென்று திரும்பி வந்திருக்கின்றன. பொருத்துகிற மிஷின் தேய்ந்திருந்தது. அது மாமாவுக்கும் தெரியும். மிஷின் மேல் குறை சொன்னால் மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காது, பர்மனென்ட் ஆகிற நேரத்தில் அவருக்கு அது ஆகாது. கம்பெனிக் கூட்டத்தில் விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டே வந்த மாமா, கடைசி ஏனில் தன் அக்காவைப் பார்த்திருக்கிறார். அம்மா, ஆமாம், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று தலையாட்டியிருக்கிறாள். மறுநாள் அவளை லைனிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? என் பக்கம் பேச இந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை என்று நினைத்து, ஒரு வாரம் அம்மாவோடு பேசாமல் இருந்தேன்.