சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசற்படியை மிதித்தவன் நான் ஒருவன்தான். மிதித்ததோடு சரி. இன்டர்மீடியட் பரீட்சை இரண்டு தரம் எழுதியும் முருகன் கண் திறக்கவில்லை. பிறகு ஆம்பூருக்கே திரும்பி தோல் பதனிடும் ஆவாரம்பட்டை விற்கிற ஒரு மண்டியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, கல்யாணம், குழந்தைகள் என்று அவன் கொடுத்ததில் குறைவில்லாமல் இருக்கிறேன். படிப்பு வராமல் போனதற்கு இன்று நான் வருத்தப்படுவதில்லை. வேறொன்றுக்காகத்தான் கிருத்திகை தோறும் விளக்கேற்றும்போது மனசு ஒரு நிமிஷம் தடுமாறுகிறது. அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று வெகு நாளாக நினைப்பு.

வேலூரில் நான் தங்கிய மாணவர் விடுதியில் அப்போது மூன்று சபைகள் இருந்தன. ஒன்று பேச்சுக்கு, ஒன்று பாட்டுக்கு, ஒன்று பந்தாட்டத்துக்கு என்று பெயர். ஆனால் பெயருக்கும் காரியத்துக்கும் சம்பந்தம் குறைவு. சாப்பாட்டுக் கூடத்தில் யார் பக்கத்தில் யார் இலை போட்டு உட்காருவது, சாயந்திரம் யாரோடு யார் கோட்டைப் பக்கம் உலாவப் போவது, ஜுரம் வந்தால் யாருக்கு யார் கஞ்சி கொண்டு வருவது, எல்லாம் சபையை ஒட்டித்தான். சபை எதிலும் சேராதவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். உதிரி. உதிரிகள் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசியில், தண்ணீர்த் தவலைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்படி ஒரு சட்டம் எழுதியிருக்கவில்லை. வேறு இடம் இருக்காது, அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்களைச் சபைக்காரர்கள் ஆடி பிறந்ததும் காப்பிக்குக் கூப்பிடுவார்கள். மூன்று சாயந்திரம். முதல் நாள் எல்லோரையும், இரண்டாம் நாள் பாதிப் பேரை, மூன்றாம் நாள் பத்துப் பன்னிரண்டு பேரை. கடைசியில் யாரை எடுத்துக்கொள்கிறார்களோ அவன் அறை வாசலில் பழைய மாணவர் ஒருவர் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கையைப் பிடித்து வாசிப்பு அறைக்கு அழைத்துப் போவார். அந்த வராந்தாவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்து போவதைப் பார்ப்பதற்கே எனக்கு ஆசையாக இருக்கும். வீட்டைப் பிரிந்து வந்து ஒரு மாதம். இரண்டு வருஷம் தனியாகச் சாப்பிட வேண்டுமா கூடாதா என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஒரே கவலை. பாடம்கூட அப்புறம்தான்.

பாடக் குரலில்லை, பந்தாட உடம்பில்லை. பேச்சுச் சபையைத்தான் நம்பினேன். முதல் நாள் நன்றாகவே போயிற்று. இரண்டாம் நாள் வாலாஜாபேட்டைக்காரர் ஒருவர், சிரித்த முகம், எல்லோரையும் ஊர், குடும்பம் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது, “மிஸ்டர், உங்க ஃபாதர் என்ன பண்றார்?” என்றார்.

“ஆம்பூர்ல தோல் ஷாப்புல மேஸ்திரி” என்றேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம்.

“அடடே. அப்போ மிஸ்டர் வர்றது நமக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கதவைத் தட்ட வேணாம்” என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஈஸ்வரன் கணக்கில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது. என் தகப்பனாரின் கை நகங்கள் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிச் செம்பழுப்பாகவே இருக்கும். எந்தப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால்தான் எனக்குத் திருநீறு பூசி ரயிலேற்றி விட்டார். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாம் நாளும் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை அது. காப்பி ஆனதும் காரியதரிசி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “ரொம்ப சந்தோஷம், மிஸ்டர். நாங்க கலந்து பேசிட்டு சொல்லியனுப்பறோம்” என்றார். என்னோடு நின்ற இன்னும் இரண்டு பேரிடமும் அதையே சொன்னார். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் சந்தோஷம் என்று சொன்னால்தான் விளங்கும். எங்கள் வீட்டில் ‘சொல்லியனுப்பறேன்’ என்பது நைனாவின் வார்த்தை. தகப்பனாரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஷாப்பில் தோல் வந்து இறங்கும் நாளில் வேலைக்கு ஆள் ஜாஸ்தி வேண்டும், மற்ற நாளில் கம்மி. ஆகையால் கூலியாட்கள் வந்து கேட்டால் நைனா, “வூட்லயே இரு, சொல்லியனுப்பறேன்” என்பார். சொன்னால் சொன்னதுதான். வண்டி வந்த உடனே ஆள் போய் அவர்கள் கதவைத் தட்டுவான். ஒரு நாள் தாமதமாகலாம், இரண்டு நாள் ஆகலாம், ஆனால் தட்டாமல் இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த சொல்லியனுப்புதல் அது ஒன்றுதான்.

மறுநாள் ஆடி வெள்ளி. நைனாவின் முதலாளி ஒரு சாயபு; அவர் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. மத்தியானம் மூன்று மணிக்கு நான் வகுப்பு முடிந்து வந்தபோது விடுதி மரத்தடியில் நைனா நின்றுகொண்டிருந்தார். காட்பாடியில் ரயிலிறங்கி ஜட்காவில் வந்திருக்கிறார். கையில் துணியில் கட்டிய தூக்குப் போசி. முந்தா நாளே நினைத்து, அம்மாவிடம் சொல்லிப் புளிச்சோறும் வடையும் செய்ய வைத்து எடுத்து வந்திருக்கிறார்.

“இன்னாடா, இப்பிடி இளைச்சிப் போய்ட்டே. இங்க சோறு போடறாங்களா, காட்டிட்டு எடுத்துக்கறாங்களா?”

“போடறாங்க நைனா.”

“சரி, கெளம்பு. மலை மேல முருகனைப் பாத்துட்டு, அங்கயே குந்தி சாப்பிட்டுட்டு வந்துடலாம். ஆறரை மணிக்கு என்னை ஜட்காவுல ஏத்திவிட்டா போதும். ஆடி வெள்ளி அதுவுமா நீயும் நானும் போய் எத்தினி நாளாச்சு.”

நான் போசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன். “இன்னிக்கி முடியாது நைனா. சபையில சேத்துக்கறதுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. சொல்லியனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க.”

கோபித்துக்கொள்வார், குறைந்தது முகம் வாடும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“சொல்லியனுப்பறோம்னாங்களா?”

“ஆமா. காரியதரிசியே சொன்னாரு.”

“அப்போ நீ நகரவே கூடாது” என்றார் நைனா, கூலியாளிடம் பேசுகிற அதே கண்டிப்போடு. “ஆளு வந்து கதவைத் தட்டும்போது நீ இல்லைன்னா அது மரியாதை இல்ல. அடுத்தவனைக் கூட்டிக்கிட்டுப் போய்டுவான். நான் எத்தினி பேரை அப்பிடி வுட்டிருக்கேன். நீ இரு. நான் போய் உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டு அப்பிடியே ஊருக்குப் போய்டறேன்.”

“சாப்பிட்டுட்டுப் போயேன் நைனா.”

“நீ தின்னு. உன் தோஸ்துங்களுக்கும் குடு. இங்க நிக்கும்போது ஒரு புள்ள வந்து, ‘பெரியவரே உக்காருங்க’ன்னு சொல்லி தண்ணி கொண்டாந்து குடுத்தான். சிரிச்ச மூஞ்சி. வாலாஜாவாம். நல்ல பசங்கடா இங்க.”

போசியை என் கையில் கொடுத்தார். அந்த வெயிலில் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக மலைக்கு நடந்தார். வாசல் வரைக்கும்கூட நான் போகவில்லை. அதற்குள் யாராவது வந்து தட்டிவிட்டால் என்ன செய்வது என்று அறைக்கு ஓடினேன்.

ஐந்து மணிக்கு வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. எழுந்து வேஷ்டியைச் சரி செய்துகொண்டேன். பக்கத்து அறை வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் எதிர் அறை. அப்புறம் மாடி. ஒவ்வொரு தரமும் கை தட்டலும் சிரிப்பும். ஆறரை மணிக்கு, நைனா ஜட்காவில் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கு வைத்த பிறகு காலடிச் சத்தம் நின்றுவிட்டது. புளிச்சோற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. நானும் அன்று தொடவில்லை.

இப்போது படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சனிக்கிழமையும் நான் அறையிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் இருந்தேன். வண்டி தாமதமாக வந்தால் ஆளும் தாமதமாகத்தானே வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாகம் எடுத்தாலும் தவலையண்டை போய் வர அரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் கலவை என்கிற ஊர்ப் பக்கத்து விவசாயி மகன் ஒருவன் என் அருகில் வந்து உட்கார்ந்தான். வியாழக்கிழமை என்னோடு நின்ற இரண்டு பேரில் அவன் ஒருவன்.

“இன்னா நீ, மூணு நாளா ரூமுக்குள்ளயே முட்டை மேல கோழி மாதிரி குந்திக்கினு இருக்கே?”

“சொல்லியனுப்பறோம்னாங்களே” என்றேன்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“யோவ், பொண்ணு பாக்க வர்றவங்க பஜ்ஜி, காப்பி எல்லாம் சாப்ட்டுட்டு, ஊருக்குப் போய் கடுதாசி போடறோம்னு எழுந்து போவாங்களே, பாத்ததில்ல? எங்க அக்காவுக்கு மூணு தபா அப்பிடி சொன்னாங்க. ஒரு கடுதாசியும் வரல. அதான் இது. எடுத்துக்கறவனுக்கு அவங்க ஒண்ணுமே சொல்லமாட்டாங்க. நேரா வந்து கையைப் புடிப்பாங்க.”

“எங்க ஊர்ல சொல்லியனுப்பறேன்னா வருவாங்க” என்றேன்.

“உங்க ஊர்ல” என்றான் அவன். மோரைக் கொஞ்சம் என் இலையில் சாய்த்தான்.

அவன் இருந்திருந்தால் எனக்கு ஒரு துணையாயிருக்கும். புரட்டாசியில் அவன் தகப்பனாருக்குக் கை கால் விழுந்து, நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் அவன் ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு தவலைக்குப் பக்கத்தில் நான் மட்டும். மூன்றாமவன் எப்படியோ பந்தாட்டச் சபையில் சேர்ந்துகொண்டான். யாரும் என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை. வாலாஜாபேட்டைக்காரர் பார்த்தால் சிரிப்பார். அந்த இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் கடுமையாகப் பேசியதாக நினைவில்லை. பேசினதாகவே அதிகம் நினைவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். வாசலில் கால் வைக்குமுன் நைனா கேட்டார்: “அன்னிக்கி ஆளு வந்தானா? சேத்துக்கிட்டாங்களா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தனியாக வெயிலில் நடந்து போன முதுகு கண்ணில் வந்தது. இல்லை என்றால் அவரை நான் எதற்காக அனுப்பினேன்?

“வந்தாங்க நைனா. சேத்துக்கிட்டாங்க” என்றேன்.

“பாத்தியா. முருகன்கிட்ட அன்னிக்கி அதைத்தான் கேட்டேன்.” உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தரம் என்னைச் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னேன். மறுநாள் ஷாப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. சபையில் பேசுகிறவன் வெறும் சட்டையோடு நிற்கக் கூடாது என்று பஜாரில் தையற்காரரிடம் அழைத்துப் போனார்.

தையற்காரர், வயதான சாயபு, நாடாவைப் போட்டு அளந்துவிட்டு, “மேஸ்திரி, காலேஜ் தொரைக்கு படிப்பு ஜாஸ்தி, தோள்பட்டை கம்மி” என்றார்.

“வளர்ற புள்ள. கொஞ்சம் லூஸாவே வையுங்க பாய். ரெண்டு வருஷம் சபைக்குப் போட்டுக்கினு போகணும்” என்றார் நைனா.

கறுப்புக் கோட்டு. பளபளவென்று புதுசு. விடுதிக்கு வந்து பெட்டியின் அடியில் வைத்தேன். பொங்கல் லீவுக்கு இன்னும் இரண்டு மாதம் என்று எண்ணும்போதுதான் பயம் வந்தது. தோலைத் தொட்டே அது எத்தனை நாள் பட்டைச் சாற்றுக் குழியில் கிடந்தது என்று சொல்கிறவர் நைனா. போடாத துணி அவர் கைக்குத் தெரியாமல் போகுமா?

வியாழக்கிழமைதோறும் சபை கூடும். அந்த நேரத்தில் நான் கோட்டு மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கமாக இறங்கிப் போவேன். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குத்தான் போவேன். அந்தக் காலத்தில் அங்கே சாமி கிடையாது. எந்தக் காலத்திலோ எடுத்துப் போய்விட்டார்களாம். விளக்கில்லை, பூஜையில்லை, கர்ப்பக்கிரகத்தில் வௌவால் நாற்றம். யாரும் வரமாட்டார்கள் என்பதால் எனக்குத் தோதாக இருந்தது. ஆனாலும் கோயில் கோயில்தானே. செருப்பைக் கழற்றிவிட்டு, காலியான இடத்துக்கு நேரே நின்று கும்பிடுவேன். நைனாவிடம் சொன்னதை மன்னிக்கச் சொல்லிக் கேட்பேன். கேட்டுக்கொண்டே, மண்டபத்துக் கல்தூணில் இரண்டு முழங்கையையும் வைத்துத் தேய்ப்பேன். மேஜை மேல் கை ஊன்றிப் பேசுகிறவனுக்கு அங்கேதானே துணி நையும்.

பொங்கலுக்குப் போனபோது நைனா கறுப்புக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்து முழங்கையைத் தடவிப் பார்த்தார். “நல்லா உழைச்சிருக்கு” என்றார்.

“ஆமா நைனா” என்றேன்.