காணாமற்போன ஏழு கிணறுகள்

அரியாலையிலிருந்து மானிப்பாய்க்கு வேலைக்குப் போக சுவர்ணாவுக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டும். ஆறு வருஷமாக அப்படித்தான் போய்வந்தாள். வயது முப்பத்தொன்பது. இரண்டு தரம் கலியாணம் பேசிக் குழம்பியது. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

வலிகாமப் பகுதிக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று வீட்டுக்காரருக்குச் சொல்லுகிற ஒரு சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ஆய்வுகூடத்திலிருந்து வரும் தாள்களைப் பார்த்துக் கணினியில் பதிவாள். இடம்பெயர்ந்த காலத்தில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோனது. புதிதாக எடுத்ததில் பெயரில் ஓர் எழுத்து பிழை. அந்த ஓர் எழுத்தைத் திருத்த இரண்டு வருஷம் அலைந்தாள். அதற்குள் கைக்கெட்டிய அரசாங்க வேலை கைநழுவிப் போயிற்று. அதனால் மற்றவர்களின் பெயரிலோ இலக்கத்திலோ ஒரு புள்ளி பிசகவும் விடமாட்டாள். "சுவர்ணா பதிஞ்சால் திருப்பிப் பாக்கத் தேவையில்லை" என்று பொறுப்பாளர் கிறிஸ்ரோபர் வெளியாட்களிடம் சொல்லுவார்.

கிணறுகளுக்கு இலக்கம் உண்டு. பழைய கிணறுகளுக்கு ஒன்று, இரண்டு என்று வெறும் எண்கள். பிறகு சேர்த்தவற்றுக்கு வட்டார எண், திசைக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு வரிசை எண். மூன்றாம் வட்டாரத்தில் மேற்கே இரண்டாவது கிணறு 3W2. கிழக்கே இரண்டாவது 3E2. கிணற்றுக்கட்டில் சிவப்புப் பெயின்ற்றால் எழுதிவிட்டிருந்தார்கள்.

போன வருஷம் ஆனி மாதம், வருடாந்த அறிக்கைக்கு முதல்நாள், சுவர்ணா ஒரு வித்தியாசத்தைக் கண்டாள். அவளுடைய மேசையில் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டுத் தாள்கள். கணினியில் இருந்த பதிவுகள் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று. ஏழு குறைவு.

தரவுத்தளத்துக்குள் போய்ப் பிழை தேட அவளிடம் ஒரு மென்பொருள் கருவி இருந்தது. தாள்களிலிருந்த ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டு இலக்கங்களையும் அதில் கொடுத்து, எது இல்லை என்று கேட்டாள். எல்லாம் இருக்கிறது என்றது கருவி. பதினொன்றுக்குள் பதினெட்டு எப்படி அடங்கும்? எழும்பிப் போய்க் கிறிஸ்ரோபரிடம் சொன்னாள்.

"எல்லாம் இருக்கெண்டு அதுவே சொல்லுதெல்லே?"

"ஓம், ஆனால் ஏழு குறையுது, சேர்."

"ரெண்டு தரம் எடுத்த தாளாயிருக்கும். நாளைக்கு அறிக்கை குடுக்கோணும். இரட்டிப்பு எண்டு போட்டு முடிச்சுவிடும்."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் கதிரைக்குத் திரும்பி வந்து, "ஏழு, இரட்டிப்பு" என்று எழுதினாள். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும். அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பெண் நிறுவனத்தின் கந்தோருக்கு வந்தாள். பெயர் நிரோஜா. வயிற்றில் எட்டு மாதம். வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, எங்கடை கிணத்திலை தண்ணி எடுத்துக்கொண்டு போனவை. ஒரு கடிதமும் வரேல்லை. பிள்ளை பிறக்கப் போகுது, அதுதான் கேப்பமெண்டு வந்தனான்."

"இலக்கம் தெரியுமே?"

"மூண்டு, ஈ, ரெண்டு."

சுவர்ணா 3E2 என்று அடித்தாள். திரையின் மேலே அவள் அடித்த 3E2 அப்படியே விழுந்தது. கீழே பச்சை நிறத்தில், நல்ல தண்ணீர் என்று வந்தது.

"பயமில்லை. குடிக்கலாம்" என்றாள். "பிள்ளைக்கு எண்டால் கொதிக்க வைச்சுக் குடும்."

"கட்டாயம் கொதிக்க வைப்பன், அக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள் நிரோஜா.

பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்தாள். சொன்னபடி தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் கரைத்தாள். இரண்டாம் மாதத்தில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. முதலில் குளிர் என்று நினைத்தார்கள். பிறகு நகக்கண்ணும் நீலமாயிற்று. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் பிள்ளை போய்விட்டது.

மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் நாகலிங்கம் கந்தோருக்கு வந்து 3E2 கிணற்றின் முடிவைக் கேட்டார். சுவர்ணா அடித்துக் காட்டினாள். பச்சை.

"தங்கச்சி, நேற்று நாங்கள் திருப்பி எடுத்தனாங்கள்" என்றார் அவர். "நைத்திரேற்று அம்பதுக்குக் கீழை இருக்கோணும். உதிலை நூற்றறுபது. வெங்காயத் தோட்டத்துப் பசளை இறங்கின தண்ணி. பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. கைக்குழந்தைக்கு நஞ்சு. கொதிக்க வைச்சால் தண்ணிதான் வத்தும், உது வத்தாது. இன்னும் கூடும்."

கொதிக்க வைச்சுக் குடும். தான் சொன்னது சுவர்ணாவின் காதுக்குள் கேட்டது. அலுமாரியைத் திறந்து தாள்களை எடுத்தாள். அரை மணித்தியாலத்தில் அது கிடைத்தது. 3E2. நைத்திரேற்று நூற்று நாற்பத்தெட்டு. ஆய்வுகூடம் சரியாகத்தான் எழுதியிருந்தது.

பிறகு அவள் கருவியைத் திறந்து, தேடாமல், பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். 3W2 இருந்தது. 3N2 இருந்தது. 3E2 என்று ஒரு வரி எங்குமே இல்லை. 300 என்று ஒரு வரி இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. அட்டவணையில் கிணற்று இலக்கத்துக்கான நிரலை முதலில் எண் என்ற வகையில் அமைத்திருந்தார்கள். எண்ணாக மாற்ற முடிந்ததையெல்லாம் தரவுத்தளம் தானாகவே எண்ணாக மாற்றிவிடும். W, N வந்தால் மாற்ற வழியில்லை, எழுத்தாகவே விட்டுவிடும். E மட்டும் அப்படியல்ல; எண்ணுக்குப் பின்னால் E வந்தால், அடுத்து வரும் எண் எத்தனை சைபர் சேர்ப்பது என்பதைக் குறிக்கும். கணினிக்கு 3E2 என்றால் மூன்றுக்குப் பின்னால் இரண்டு சைபர். முந்நூறு. முந்நூறாம் இலக்கக் கிணறு வாசிகசாலைக் கிணறு. அதன் நல்ல முடிவு பிந்தி வந்து, நிரோஜா வீட்டு முடிவின் மேல் ஏறி அதை அழித்துவிட்டது. தேடும்போதும் கருவி அதே மாதிரி மாற்றிப் பார்த்துத்தான், இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. ஏழு கிணறுகளும் கிழக்குக் கிணறுகள்.

கிறிஸ்ரோபரைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு, "இது கருவியின்ரை பிழை, சுவர்ணா. உம்மடை பிழை இல்லை" என்றார்.

"ஏழு குறைஞ்சது எனக்குத் தெரியும், சேர்."

"எனக்கும் தெரியும்தானே" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்று பின்னேரத்துக்குள் அவள் நிரலின் வகையை எழுத்து என்று மாற்றி, ஏழு முடிவுகளையும் திருப்பிப் பதிந்து, மற்ற ஆறு வீடுகளுக்கும் தகவல் அனுப்பினாள். கால் மணித்தியால வேலை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு நிரோஜா வீட்டுக்குப் போனாள். வளவு கூட்டாமல் கிடந்தது. நிரோஜா உள்ளே படுத்திருந்தாள், எழும்பி வரவில்லை. புருஷன் கஜானன் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தான். குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறவன். சுவர்ணா இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இலக்கம் மாறியதை, ஏழு குறைந்ததை, தான் இரட்டிப்பு என்று எழுதியதை, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "பசளை போட்டது நான்தானே" என்றான்.

"இல்லை, தம்பி. நான் குடிக்கலாமெண்டு சொன்னனான்."

"கிணத்துக்குப் பக்கத்துப் பாத்திக்கு ரெண்டு மடங்கு போட்டனான். விளைச்சல் காணாதெண்டு." அவன் அவள் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "என்ரை கையாலை போட்டனான்."

உள்ளேயிருந்து நிரோஜாவின் குரல் வந்தது. "அந்த அக்காவே?"

"ஓம்."

"கொம்பியூட்டரிலை பாத்துத்தானே சொன்னவ."

சுவர்ணா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஏச்சு வாங்க வந்தவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. படலையைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

நிறுவனத்தின் அறிக்கையில் 'தொழினுட்பக் கோளாறு' என்று ஒரு வரி வந்தது. சுவர்ணா தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, பெயரும் கையெழுத்தும் வைத்து, நாகலிங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். குறைவு இருப்பது தெரிந்தும் தேடவில்லை, என்னுடைய சொல்லை நம்பித்தான் அந்தத் தாய் தண்ணீர் எடுத்தாள் என்று அதில் எழுதியிருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்து அவளிடமே நீட்டினார்.

"ஃபைல் மூடியாச்சு, தங்கச்சி. உதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

மாசியில் திட்டம் முடிந்து கந்தோரைப் பூட்டினார்கள். கிறிஸ்ரோபர் கொழும்புக்குப் போனார். சுவர்ணாவுக்கு நல்ல சான்றிதழ் ஒன்று எழுதித் தந்தார். 'பிழையின்றிப் பணியாற்றியவர்' என்று அதில் இருந்தது. அவள் அதை ஓரிடத்திலும் காட்டவில்லை. வேலையும் தேடவில்லை.

நிரோஜா பருத்தித்துறையில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், திரும்பி வருவாளோ தெரியாது என்றும் ஒருநாள் சந்தையில் யாரோ சொன்னார்கள். கஜானன் தனியே இருக்கிறானாம். வீட்டுக் கிணற்றைத் தகரத்தால் மூடிவிட்டானாம். அடுத்த போகத்துக்கும் அதே காணியில் வெங்காயம்தான் நட்டிருக்கிறானாம், பசளை ஒரு பிடிகூடப் போடாமல். பயிர் மஞ்சளாகிக் கருகுதாம். பார்த்தவர்கள் பசளை போடச் சொன்னால், தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துக் காணிக் கிணற்றிலிருந்து தண்ணீர் மட்டும் விடுகிறானாம்.