ஜிகினாத் துணிக்குப் பின்னால் ஒரு கதவு

எண்பதுகளின் கடைசியில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் கிடையாது. கச்சிராயபாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் குறுக்கு வழியாக முந்தின நாளே வந்து சேர்ந்தோம். தேதியைத் தள்ளிப்போடலாமே என்று நான் சொன்னதற்கு மாமியார் முறைத்த முறைப்பு இருக்கிறதே! பத்திரிகை அடித்தாகிவிட்டதாம்.

மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் கோடாலியோடு இளைஞர்கள் கூட்டம். கல்லெறிவார்களோ, உள்ளே புகுந்துவிடுவார்களோ என்று எங்களுக்கு ஒரே நடுக்கம். மேடைக்குப் பின்னால் தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருந்தது. மண்டபத்து மேனேஜர் பயந்துபோய் அதை வெளியே பூட்டிவிட்டார். ஜோடனைக்காரர் உள்பக்கம் ஊதா ஜிகினாத் துணியைக் கட்டி, அதன்மேல் மணமக்களின் பெயரை ஒட்டிவிட்டார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் சுவர்.

தாலி ஏறியதும் சரவெடி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சாலைக்குப் போகப் பயந்து, சின்ன மாமனார் வாசல் பந்தல் ஓரமாகவே கொளுத்தினார். காய்ந்த கீற்று பற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? வாசல் முழுக்க நெருப்பு. மாடிப்படியும் அந்தப் பக்கம்தான். ஜன்னலெல்லாம் கம்பி. புகை உள்ளே வர வர எல்லோரும் மேடைப் பக்கம் முண்டியடித்தோம். என் இடுப்பிலிருந்த ஒரு வயது மகள் வீறிட்டாள், பிறகு இருமினாள், பிறகு சத்தமே இல்லை.

அப்போதுதான் துணிக்குப் பின்னாலிருந்து 'டமார் டமார்' என்று இடிக்கும் சத்தம்.

"வந்துட்டானுங்க! யாரும் கிட்ட போவாதீங்க!" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள்.

துணியைக் கிழித்துக்கொண்டு கோடாலி முனை உள்ளே வந்தது. குழந்தையை மார்போடு மறைத்துத் திரும்பிக்கொண்டேன். நெருப்பைவிட அந்தக் கோடாலிக்குத்தான் அதிகம் பயந்தேன்.

"உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? கொயந்தைங்கள மொதல்ல குடுங்க!"

மரம் வெட்டிய அதே பையன்கள். புகையைப் பார்த்து ஓடிவந்து, வாசலில் நுழைய முடியாமல் பின்பக்கம் வந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரிகிற கதவு. ஒருவன் என் மகளை வாங்கிக்கொண்டு தோட்டத்துக் குழாயடிக்கு ஓடி, முகத்தில் தண்ணீர் தெளித்தான். அவள் அழுதாள். அதைப்போல நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

என் மாமியாரின் அக்காவைத்தான் கடைசியில் தூக்கி வந்தார்கள். நினைவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி போக, தாங்கள் போட்ட புளியமரத்தை அந்தப் பிள்ளைகளே புரட்டி வழிவிட்டார்கள். ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. பத்தடி தூரத்தில் கதவு இருந்தும், பூட்டியும் மறைத்தும் வைத்ததால் ஓர் உயிர் போய்விட்டது. அந்தப் பையன்களின் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

அதிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் கதவைத்தான் தேடுவேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்த மகளுக்கே கல்யாணம் வந்தது. மேடையை ஒட்டி 'அவசர வழி' என்று சிவப்பில் எழுதிய கதவு. அதை மறைத்துப் பூ அலங்காரம் செய்ய வந்தவர், "இது தெரிஞ்சா போட்டோ நல்லா இருக்காதும்மா" என்றார்.

"இல்லாட்டி போவுது. மொதல்ல அது தொறக்குதான்னு பாருங்க" என்றேன்.

எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில், மாப்பிள்ளை தோளுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு எழுத்து துருத்திக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானோ ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் என் மகளின் முகத்தைப் பார்க்கிறேன்.