சிவமலர் அக்காவின் படம்

நான் ஒரு மனிதரைச் சாகடித்தேன். அவர் உயிரோடிருக்கிறாரா என்பது அன்று எவருக்கும் தெரியாது... செத்துவிட்டார் என்று நானே எழுதினேன்!

நம்புங்கள், நல்லது செய்யத்தான் தொடங்கினேன். அப்பா ஒஸ்லோவில் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் நிலம் துடைப்பவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். போர்நிறுத்தக் காலத்தில் இலங்கையின் வன்னிக்குப் போய், எல்லாம் இழந்த பதினொரு பெண்களைச் சேர்த்துக் கறித்தூள் ஆலை ஒன்று தொடங்கினேன். 'இது தானமல்ல, தொழில்' என்று ஒஸ்லோ மேடைகளில் முழங்கினேன். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை... அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தூளை விற்க முன்வந்த ஒஸ்லோக் கடைக்காரர் பொதியில் போட ஒரு முகம் கேட்டார். அந்தப் பதினொருவரில் ஒருவரான சிவமலர் அக்காவை ஆலை வாசலில் நிறுத்தினேன். அவருடைய கணவர் காணாமற்போய் ஆறு வருடம். நெற்றியில் பெரிய குங்குமம்.

"அக்கா, பொட்டை ஒருக்கா அழியுங்கோ."

"ஐயோ, ஏன் தங்கச்சி? அவர் வருவார்."

"படத்துக்குத்தான். நோர்வேயில உங்களை ஆருக்குத் தெரியும்?"

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரிதான்" என்று சிரித்தபடி சேலைத் தலைப்பால் துடைத்தார்.

'போரில் கணவரை இழந்த விதவை' என்று நோர்வேஜிய மொழியில் அச்சடித்தேன். காணாமற்போனவரின் மனைவி என்று எழுத எனக்குத் தெரியாதா? தெரியும்! விதவை என்றால் வாங்குவார்கள் என்பதும் தெரியும். வாங்கினார்கள்.

ஒஸ்லோவின் குரோருட்டிலிருந்து ஊருக்குப் போன ஒரு குடும்பம் ஆசையோடு ஒரு பொதியைக் கொண்டுபோய், எழுதியிருந்ததை அக்காவின் வீட்டிலேயே வாசித்துச் சொல்லியிருக்கிறது. "என்ர பிள்ளையை உயிரோட எரிச்சுப்போட்டியேடி!" என்று மாமியார் அக்காவை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாராம். அதன்பின் அக்கா வேலைக்கும் வரவில்லை.

ஒஸ்லோவில் இந்தச் சேதி கேட்டதும், அக்காவை அங்குள்ள தொலைத்தொடர்பு நிலையத்துக்குக் கூட்டிவரச் சொல்லி அழைத்தேன். மன்னிப்புக் கேட்கவா? திரும்பவும் வேலைக்குக் கூப்பிடவா? இன்றும் எனக்கே தெளிவில்லை...

அவர் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நோர்வே சமாதானம் பேசுற நாடெல்லோ... அங்கை ஆரும் உங்களுக்குச் சொன்னவையோ? அவர் இல்லையெண்டு தெரிஞ்சுதானே எழுதினனீங்கள்?"

இல்லை அக்கா, விற்பதற்காக எழுதினேன்... சொல்லவேண்டியது ஒரே வரி! படித்த பிள்ளை பொய் எழுதினாள் என்று எந்த வாயால் சொல்வேன்?



"ஓம்... விளங்குது. அவர் இனி வரமாட்டார்" என்றார் அக்கா. பிறகு அழத் தொடங்கினார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

சில மாதங்களில் போர் மீண்டும் மூண்டது. அந்த நிலையத்தின் இலக்கத்துக்கு எத்தனையோ தடவை அழைத்துவிட்டேன். மணி அடிப்பதேயில்லை.