கடைப் பெயர் போட்ட காலண்டர்

டொராண்டோவில் என் புத்தகக் கடைக்கு வழக்கமாக வருபவர் ஒருவர், நான் கொடுத்த புதுவருடக் காலண்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டார். கொடுத்தேன். அடியில் அச்சடித்திருந்த கடைப் பெயரை மட்டும் வெட்டி, அந்தத் துண்டை என்னிடமே தந்தார். "பெயர் இல்லாமல் எதற்குக் காலண்டர்?" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அம்மா வருவாள்" என்றார். சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் கத்தரிக்கோல் கேட்டார்கள்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஆண்களை விரும்பும் ஆண்களுக்கும், பெண்களை விரும்பும் பெண்களுக்குமான கடை. 'கே அண்ட் லெஸ்பியன் புக்ஸ்' என்று பெயருக்குக் கீழேயே போட்டிருக்கும். நானும் அப்படிப்பட்டவன்தான். தென்காசியில் எட்டாவதோடு படிப்பை விட்டு, பம்பாய் போய், கப்பல் சமையலறையில் வெங்காயம் உரித்து, எழுபதுகளின் நடுவில் இங்கே இறங்கினேன். ஹோட்டலில் தட்டுக் கழுவினேன். நடைபாதையில் பழைய புத்தகம் விற்றேன். சில புத்தகங்களைப் பக்கத்து ஆள் நகர்ந்த பிறகுதான் கையில் எடுக்கிறார்கள் என்று கவனித்து, ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அறை பிடித்தேன். இரண்டு தடவை கண்ணாடியை உடைத்தார்கள். பலகை அடித்து மறுநாள் திறந்தேன். விற்பதில் பாதியை எனக்கு வாசிக்க வராது. ஆனால் கடை என்று இருந்தால் வருடத்துக்கு ஒரு காலண்டர் கொடுக்க வேண்டும். தென்காசி ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் அப்படித்தான் செய்தன. சுவரில் மாட்ட முடியாத பெயரும் உண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கியபோதுதான் நினைவு வந்தது. தென்காசியில் என்னோடு படித்த செல்லையாவுக்கும் ஒன்று அனுப்பியிருந்தேன். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஊரில் எனக்குக் கடிதம் போடுகிற ஒரே ஆள். என்னைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை. மாதங்கள் போயின, கடிதம் வரவில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் சமயம் புறப்பட்டுப் போனேன்.

பஞ்சர் ஒட்டும் பலகைக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் காலண்டர் தொங்கியது. பெயர் முழுசாக இருந்தது.

"சைக்கிளுக்குக் காத்தடிக்க வார வாத்தியாரு வாசிச்சு அர்த்தம் சொல்லிட்டாருலே" என்றான் செல்லையா, டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி. "கழட்டிருன்னு தெனமும் சொல்லுதாரு."

"நீ கழட்டலையே?"

"சொவரு என்னுது, ஆணி என்னுது. அவருக்கு ஓசிக் காத்துதான சொந்தம்."

அவனே தொடர்ந்தான். "வாசுதேவநல்லூர்ல ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்குப் போயிப் பாத்துருவமா?"

"அர்த்தம் தெரிஞ்சுமாலே கேக்க?"

"தெரிஞ்சதுனாலதான் கேக்கேன். கடை கடையா இருக்கட்டும், வீடு வீடா இருக்கட்டும்."

இதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பெண் பார்க்கப் போகவில்லை, குற்றாலம் போனோம். அருவிக்குப் போகும் வழியெல்லாம் கூட்டம். தவறிவிடக் கூடாதென்று செல்லையா என் கையைப் பிடித்துக்கொண்டான். அங்கே ஆண்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். நடந்துகொண்டே சொன்னேன்: "அங்கன என் வீட்டுல ஒருத்தர் இருக்காருலே. பீட்டர்னு பேரு. ஆறு வருசமாச்சு."

அவன் கையை விடவில்லை.

"சமையல் யாரு?"

"நாந்தான்."

"பாவம்லே அந்த மனுசன்" என்றான்.

டொராண்டோவில் பீட்டரோடு தெருவில் போகும்போது எங்களுக்கு நடுவே இன்னொரு ஆள் நடக்கிற அளவு இடைவெளி விட்டிருப்போம். குற்றாலத்தில் என் கை ஒருவன் கைக்குள் இருந்தது. எதிரே வந்தவர்கள் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு விலகிப் போனார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.