மூன்று குரலில் நாற்பது

பழச்சந்தையில் அவருக்கு ரேடியோக்காரம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட எந்த வியாபாரிக்கும் துணிச்சல் வந்ததில்லை. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்த பிறகும் அவர் ஏலம் விடுவதை நிறுத்தவில்லை. இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர், கழுத்திலிருந்து தொங்கும் டேப்லெட், அதன்மேல் ஓடும் பத்து விரல்கள். ஸ்பீக்கரில் கேட்பது அவருடைய சொந்தக் குரல்தான். ஆபரேஷனுக்கு முந்திய வாரங்களில் அதைத் துண்டு துண்டாகப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார்.

அந்த டேப்லெட்டின் வயிறு இப்போது உப்பியிருந்தது. மேசைமேல் வைத்து லேசாகத் தொட்டால் பம்பரம்போல் சுற்றியது.

ரிப்பேர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கவே யோசித்தார். “பேட்டரி உப்பிடுச்சு. மாத்தித் தரேன். ஆனா திறக்கும்போது போர்டு போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது. உள்ள இருக்கிறத முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுக் கொண்டாங்க. சூடாக விடாதீங்க. அணைஞ்சா மறுபடி எழுந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

வேலை ரேடியோக்காரம்மாவின் மருமகன் தலையில் விழுந்தது. அவன் அச்சகம் ஒன்றில் சுவரொட்டிகளும் முகவரி அட்டைகளும் வடிவமைப்பவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஒரே ஆள் என்பதால் அந்தக் குடும்பத்தில் மிக்ஸி நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சந்தைக்கு விடுமுறை நாள். மாமனார் வீட்டின் பின்னறையில், பழைய ஒப்பனை மேசைமேல் கம்ப்யூட்டர் இருந்தது. மேசையின் கண்ணாடியை யாரும் கழற்றவில்லை. அதனால் திரையில் வேலை செய்கிறவனுக்கு அதற்கு மேலே தன் முகமும், முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பேரின் முகங்களும் தெரியும். மாமா, அத்தை, அவன் மனைவி.

டேப்லெட்டை இணைத்து பேக்கப்பைத் தொடங்கினான். பச்சைக் கோடு ஒரு நகக்கண் அளவு முளைத்து நின்றுவிட்டது. முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். சற்று நேரத்தில் ஒன்பது நாள் என்றது.

“அது பாட்டுக்கு வாய்க்கு வந்ததச் சொல்லுதே” என்றாள் மனைவி.

“வயர்தான் காரணம். இது சார்ஜ் ஏத்த மட்டும்தான் லாயக்கு.” பையிலிருந்து அச்சகத்தின் கேமரா வயரை எடுத்து மாற்றினான். கோடு கொஞ்சம் அசைந்தது. பிரின்டரும் மவுஸும் பங்கு போட்டுக்கொண்டிருந்த இணைப்புப் பெட்டியிலிருந்து வயரை உருவி, மேசைக்கடியில் தவழ்ந்து போய், கம்ப்யூட்டரின் முதுகில் நேராகச் செருகினான். இன்னும் கொஞ்சம் அசைந்தது. டேப்லெட்டின் துளையைப் பல்குத்தும் குச்சியால் நோண்டினான். வைக்கோல் துணுக்கும் காய்ந்த பழச்சாறும் உருண்டையாக வந்தன. பாதிச் சந்தை உள்ளே இருந்தது.

உள்ளே வரும் ஒவ்வொரு ஃபைலையும் வாசலில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்த வைரஸ் காவல்காரனுக்கு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஓய்வு கொடுத்தான். கோடு பாதி தூரம் ஓடியது. மனைவி கை தட்டுவதற்குள் சரிந்து ஆரம்பத்துக்கே வந்தது.

“எவ்வளவுதான் இருக்கு உள்ள?” என்றார் மாமா. குளிர்பதனக் கிடங்கில் காலம் தள்ளியவர். அளவு தெரியாமல் எதையும் யோசிக்க மாட்டார்.

“எடை பெருசா இல்ல மாமா. எண்ணிக்கைதான். ஒரு லாரி பூசணிக்காய் இறக்குறதுக்கும், ஒரு லாரி திராட்சைய ஒவ்வொண்ணா எண்ணி இறக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அத்தை திராட்சையா சேத்து வச்சிருக்காங்க.”

அத்தையின் கை அவன் தோளுக்கு மேலாக நீண்டு வந்து டேப்லெட்டில் மூன்று தட்டு தட்டியது.

“மாப்பிள்ளை. மெதுவா இறக்குங்க. நசுங்கிடப் போகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிப்போடு திரையைப் பார்த்தபோது, ஊர்ந்துகொண்டிருந்த கோடு மறுபடி பூஜ்யத்தில் நின்றது.

அவனுக்குப் பொறி தட்டியது.

“அத்தை, இன்னொரு தடவை ஏதாவது சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல?” என்றது டேப்லெட். முளைத்திருந்த கோடு விழுந்தது.

வயரில் குற்றமில்லை. அத்தை வார்த்தையைத் தொட்டதும் செயலி அதை இப்போதுதான் பயன்படுத்தியதாகக் குறித்துக்கொண்டு, முழுத் தொகுப்பையும் அதற்கேற்ப வரிசை மாற்றுகிறது. கம்ப்யூட்டருக்கு அது புதுச்சரக்கு. முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. மத்தியானம் முழுக்க அவர்கள் அத்தையிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஃபேனைக் கூட்டவா, சன்னலைச் சாத்தவா, நாளைக்கு என்ன லோடு வருது. அவரும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரிந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கண்ணாடியில் மூன்று முகங்களும் காத்திருந்தன.

“அத்தை... தப்பா நினைக்காதீங்க. இது முடியற வரைக்கும் நீங்க கொஞ்சம் பேசாம இருக்கணும்.”

மாமாதான் முதலில் இருமினார்.

“இந்த வார்த்தைய நான் முப்பது வருஷமா மனசுக்குள்ள வச்சிருக்கேன் மாப்பிள்ளை” என்றார்.

“அப்பா, வம்ப விலைக்கு வாங்காதீங்க” என்றாள் மகள்.

அத்தையின் விரல் டேப்லெட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

கோடு வளரத் தொடங்கியது.

சற்று நேரத்தில் மாமா பழக்கதோஷத்தில், “டீ போடட்டுமா?” என்று கேட்டுவிட்டார். அத்தையின் கை தானாக எழுந்தது. மகள் எட்டிப் பிடித்தாள். “அம்மா! சும்மா இரு! அப்பா, நீங்க வேற, அவங்க வாயைக் கிளறாதீங்க!” கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் கோடு விழும். அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை மருமகன் அதுவரை கேட்டதில்லை.

திரையில் ஃபைல் பெயர்கள் ஓடின. அத்தை தானே வைத்த பெயர்கள். நாற்பது-கூப்பிடு. நாற்பது-ஏத்து. நாற்பது-முடி. நாற்பத்தொண்ணு-கூப்பிடு. நாற்பத்தொண்ணு-ஏத்து.

வந்து சேர்ந்தவை ஒழுங்காக வந்தனவா என்று பார்க்க, ஸ்பீக்கரைத் தணித்து வைத்து, நாற்பதைத் திறந்தான். முதலாவது, தெருவில் போகிறவரைக் கடைக்குள் கூப்பிடுவது போல இருந்தது. இரண்டாவது, இதைவிட மேலே போக உனக்குத் தெம்பு உண்டா என்று சீண்டியது. மூன்றாவது, கதவைச் சாத்தியது. ஒரே நாற்பது. எல்லா எண்களும் அப்படியே. எல்லாப் பழங்களும், வழக்கமாக வரும் எல்லா வியாபாரிகளின் பெயர்களும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மூச்சு கேட்டது. அடுத்தடுத்த எண்களில் கரகரப்பு கூடிக்கொண்டே போனது. தொண்டை நாளுக்கு நாள் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆனாலும் எந்த எண்ணிலும் அவர் மூன்றை இரண்டாகக் குறைக்கவில்லை.

“குளியலறையில உக்காந்து எண்ணிட்டே இருப்பாங்க” என்றாள் மனைவி மெல்ல. “பயத்துல ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சோம். நானும் அப்பாவும் வெளியில நின்னு அழுவோம். உள்ள இருந்து ‘சத்தம் போடாதீங்க, பதிவாகுது’ன்னு திட்டுவாங்க.”

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அத்தை சுவரைப் பார்த்தபடி இருந்தார். மடியில் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இடது கை எண்களில், வலது கை பெயர்களில். நாளைய ஏலம் அங்கே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. சந்தையில் அவர் தட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் கருவி நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்திருக்கிறான்.

திரும்பித் திரையைப் பார்த்தபோது வேறு மூன்று பெயர்கள் ஓடின. மாப்பிள்ளை-வாங்க. மாப்பிள்ளை-கோபம். மாப்பிள்ளை-தனி.

பதிவான தேதியைப் பார்த்தான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“அப்ப எனக்கு வரன் பாக்கவே ஆரம்பிக்கலையே” என்றாள். “உங்கள யாருன்னே தெரியாது எங்களுக்கு.”

முதலாவதை அவன் அறிவான். வாசலில் கேட்பது. இரண்டாவதையும் நன்றாகவே அறிவான். மூன்றாவதைத் திறந்தான். தாழ்ந்த குரல். நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஒருவனை மட்டும் அருகே வரச் சொல்லி, இதை உங்களிடம்தான் கேட்க முடியும் என்று தொடங்குகிற குரல். அவன் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மனைவியும் கேட்டதில்லை என்று அவள் முகம் சொன்னது.

யாரென்றே தெரியாத ஒருவனுக்காக, போய்க்கொண்டிருக்கும் குரலில் கொஞ்சத்தை எடுத்து இப்படி வைத்திருக்கிறார். இன்னும் செலவழிக்கவில்லை.

கண்ணாடியில் அத்தை அவனைப் பார்த்தார். அவன்தான் பார்வையைத் தாழ்த்தினான்.

“சூடாகுது” என்றார் மாமா. டேப்லெட்டின் திரை மங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி, வயர் இழுபடாமல், மேசை ஃபேனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் நனைத்துப் பிழிந்த துணியை அவர் மணிக்கட்டுக்குக் கீழே தாங்கினாள், டேப்லெட்டில் படாமல், காற்று மட்டும் குளிர்ந்து வரும்படி. அதனால் பலன் உண்டா என்று மருமகனுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவன் கோட்டையே பார்த்தான். அது கடைசி விரற்கடையில் நின்று, யோசித்து, பிறகு போய்ச் சேர்ந்தது.

டேப்லெட் அணைந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

எண்ணிக்கையைச் சரிபார்த்தான். மறுபடியும் சரிபார்த்தான்.

“வந்துடுச்சு அத்தை. ஒண்ணு விடாம வந்துடுச்சு. இனிமே அது திறந்தாலும் சரி, போனாலும் சரி. வேற டேப்லெட்ல ஏத்திக்கலாம்.”

அத்தை பதில் சொல்ல எழுந்தார். பதில் சொல்ல அங்கே கம்ப்யூட்டர்தான் இருந்தது. அவன் நாற்காலியை விட்டு நகர்ந்தான். அவர் உட்கார்ந்து, மவுஸை எலுமிச்சம்பழத்தை அழுத்திப் பார்ப்பது போலப் பிடித்தார். அம்புக்குறி திரை முழுக்க அலைந்தது. சந்தையையே விரலில் வைத்திருப்பவர் ஒரு வார்த்தையைத் தேடித் தடுமாறினார். உதவலாம் என்று மகள் குனிந்தாள். மருமகன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

கடைசியில் எதன்மேலோ அழுத்தினார்.

“அழுகல கலந்தா கைய வெட்டுவேன்!” என்று அலறியது கம்ப்யூட்டர்.

மகள் ஈரத்துணியைக் கீழே போட்டாள். அத்தையின் தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வரும்வரை குலுங்கின. சத்தம் இல்லை. சிரிப்பை மட்டும் அவர் பதிவு செய்து வைக்கவில்லை.

மருமகன் பையிலிருந்து தன்னுடைய டிஸ்க்கை எடுத்தான். சுவரொட்டிகள் போட்டு வைத்திருந்தது. அவற்றை அழித்து இடம் உண்டாக்கி, எல்லாவற்றையும் இன்னொரு முறை நகலெடுக்க விட்டான். இதுவும் மெதுவாகவே போனது. அவன் வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்பத்திரண்டு மூன்று முறை கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.